குழிக்குள் பிறக்கும் காற்று: செவ்வாயின் மணற்குன்றுகள்

செவ்வாயில் நீல மணல் என்று ஒரு படம் அவ்வப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும். பெரியதொரு வட்டப் பள்ளம், அதன் தளத்தில் மடிப்பு மடிப்பாகக் கருநீல மணற்குன்றுகள். படம் உண்மை. நிறம்தான் கூட்டிக் காட்டியது. செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் எம்.ஆர்.ஓ. விண்கலத்தில் ஹைரைஸ் என்றொரு கமரா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களையும் அது பதிவுசெய்யும். அந்தப் பதிவுக்கு ஒரு நிறம் கொடுத்து, வேறுபாடு தெளிவாகத் தெரியும்படி கூட்டினால், பசால்ட் கல்லின் மணல் நீலமாக விழும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அது கரும் சாம்பல் நிறம், கொஞ்சம் செம்மண் தூசி பூசியது.

நிறம் கிடக்கட்டும். அந்தப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுற்றிவர வெட்டவெளி கிடக்க, மணல் ஏன் குழிக்குள் போய்க் கிடக்கிறது?

இது தற்செயலான ஒரு படம் அல்ல. 1971 நவம்பரில் நாசாவின் மரினர் 9 விண்கலம் செவ்வாயை அடைந்தபோது கோள் முழுவதையும் தூசிப்புயல் மூடிக்கிடந்தது. புயல் அடங்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருந்த அந்தக் கலம், 1972இல் அனுப்பிய படங்களில் தென் அரைக்கோளத்தின் புரொக்டர் என்ற கிண்ணக்குழிக்குள் ஒரு கருந்திட்டைக் காட்டியது. உற்றுப் பார்த்தபோது அது அலையலையான மணற்குன்றுகள். செவ்வாயில் முதன்முதலில் இனங்காணப்பட்ட மணற்குன்றுக் கூட்டம் அதுதான், அதுவே குழிக்குள் கிடந்தது. பிறகு கைசர், ராபே, ரசல், ஹேர்ஷல் என்று விண்கல் மோதி உண்டான குழிகள் பலவற்றில் அதே காட்சி. வடதுருவப் பனிமூடியைச் சுற்றியுள்ள மாபெரும் மணற்கடலை விட்டுவிட்டுப் பார்த்தால், செவ்வாயின் மணற்குன்றுகளைத் தேடுபவர் முதலில் குழிகளைத்தான் எட்டிப்பார்க்க வேண்டும்.

பள்ளம் என்றால் நிரம்பத்தானே செய்யும் என்று பதில் சொல்லிவிடலாம். பாதி சரி. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவான இரண்டு குழிகள் இருக்கும், ஒன்றில் மணல் குவிந்திருக்கும், மற்றது வெறுமையாகக் கிடக்கும். மணல் உள்ள குழியிலும் அது விளிம்பை ஒட்டிச் சீராகப் பரவாமல், ஒரு பக்கமாக ஒதுங்கியோ நடுவில் திரண்டோ இருக்கும். பள்ளம் மணலைப் பிடித்துவைக்கிறது என்பதோடு கதை முடியாது. பெரிய குழி தனக்கென்று ஒரு காற்றையும் உண்டாக்கிக்கொள்கிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றித்தான்.

மணற்குன்றைத் தெரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தவர் சகாராவுக்குப் போகத் தேவையில்லை. வல்லிபுரம் தாண்டி மணற்காட்டுக்குப் போனால் போதும். மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள், காற்றுக்கும் மணலுக்கும் நேரம் கிடைத்தால் என்ன செய்யும் என்பதைக் காட்டும். கடல் மணலைக் கரையில் போடுகிறது. காய்ந்ததும் காற்று அதைத் தூக்கிப் போகிறது. இராவணன் மீசையிலோ அடம்பன் கொடியிலோ சவுக்கங் கன்றுகளிலோ இடறிய இடத்தில் போட்டுவிடுகிறது. போட்ட மணல் அடுத்த மணலுக்குத் தடையாகி, மேடு வளர்கிறது. மணல் வரத்து, தூக்கும் காற்று, அந்தக் காற்று களைத்துப்போகும் ஓர் இடம் என மூன்றும் சேர்ந்தால்தான் குன்று. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் குன்று நிற்காது. டிப்பர்களில் ஏற்றிப் போன மணலுக்குப் பதிலாகக் கடல் அதே வேகத்தில் கொண்டுவந்து கொட்டுவதில்லை என்பதை வடமராட்சி கிழக்கில் உள்ளவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நம் கரையின் இன்னொரு விசேடம், எதிரெதிர்த் திசைகளில் இரண்டு பெருங்காற்றுகள். வைகாசி தொடங்கி புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து சோழகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. வாடை மழையோடு வரும், ஈர மணல் இலேசில் கிளம்பாது. சோழகம் வறட்சியில் வரும், காய்ந்த மணல் முழுவதும் அதன் கையில். ஆகவே எந்தக் காற்று பலமானது என்று மட்டும் பார்த்தால் குன்றின் போக்கைச் சொல்ல முடியாது. அது வீசும் நேரத்தில் மணல் எந்த நிலையில் இருந்தது என்பதும் வேண்டும். செவ்வாயிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும்.

மணல் நகர்வது எப்படி என்பதை முதலில் ஒழுங்காக அளந்து எழுதியவர் ரால்ஃப் பக்னோல்ட் என்ற பிரித்தானியப் படைப் பொறியியலாளர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்ட் கார்களை ஓட்டித் திரிந்தவர். ஊர் திரும்பியதும் தானே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து, மணலை ஊதிப் பார்த்து, 1941இல் தன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை, இன்றுவரை அந்தத் துறையின் அடித்தளம்.

அவர் கண்டது இது. தூசி காற்றில் மிதக்கும், கூழாங்கல் கிடந்த இடத்தில் கிடக்கும். இடைப்பட்ட பருமன் உள்ள மணல்மணி, அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உள்ளது, துள்ளித் துள்ளிப் போகும். காற்று அதைக் கிளப்புகிறது, அது வளைந்து பறந்து தரையில் மோதுகிறது, மோதிய வேகத்தில் வேறு சில மணிகளைத் தெறிக்க விடுகிறது. அவையும் காற்றில் ஏறி அதையே செய்கின்றன. காற்று வரும் பக்கத்தில் இந்தத் துள்ளல் மணலைச் சாய்வாக மேலேற்றும். உச்சியைத் தாண்டியதும் காற்று பிரிந்துபோக, மணல் மறுபக்கத்தில் விழுந்து குவியும். சாய்வு 30 பாகையைச் சற்றுத் தாண்டியதும் தாங்காமல் சரியும். இந்தப் பக்கம் அரிபட்டு அந்தப் பக்கம் சரிந்து, குன்று முழுவதும் மெல்ல நகர்கிறது. ஒரே திசைக் காற்றும் குறைந்த மணலும் உள்ள இடத்தில் அது பிறை வடிவம் எடுக்கும். பிறையின் இரண்டு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும். சாதாரண தரப் புவியியலில் பார்க்கன் என்று படித்தது இதைத்தான்.

இதையெல்லாம் அப்படியே செவ்வாய்க்குக் கொண்டுபோனால் கணக்கு இடிக்கும். அங்கே வளிமண்டலம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, தரையில் அமுக்கம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றின் அடர்த்தி ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. காற்றின் தள்ளுவிசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஈர்ப்பு 38 வீதமாகக் குறைந்திருப்பது கொஞ்சம் கை கொடுத்தாலும், ஒரு மணியைக் கிளப்ப நம் ஊரில் வேண்டியதைவிட நாலைந்து மடங்கு வேகமாவது வேண்டும். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த காற்றோ பெரும்பாலான நாட்களில் வினாடிக்கு 10 மீற்றருக்கு உள்ளே. மணலைக் கிளப்ப அது போதாது. இதனால் செவ்வாயின் குன்றுகள் பழங்காலத்து மிச்சங்கள், வளிமண்டலம் தடித்திருந்த காலத்தில் உருவாகிப் பின்னர் உறைந்துபோனவை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது.

அதை இரண்டு விடயங்கள் மாற்றின. முதலாவது ஒரு கணக்கு. மணலைக் கிளப்பத்தான் பெரிய காற்று வேண்டும், கிளம்பிய மணலை ஓடவைக்கச் சிறிய காற்று போதும். ஐதான காற்றும் குறைந்த ஈர்ப்பும் உள்ள இடத்தில் மணி உயரமாகவும் நீளமாகவும் பறக்கும், விழும்போது வேகம் எடுத்திருக்கும், அந்த மோதலே அடுத்த மணியைக் கிளப்பிவிடும். பூமியில் தொடங்கும் வேகத்துக்கும் தொடரும் வேகத்துக்கும் பெரிய இடைவெளி இல்லை. தொடர்வதற்குத் தொடங்கும் வேகத்தில் ஏறத்தாழ 80 வீதம் வேண்டும். செவ்வாயில் அது 10 வீதத்தை ஒட்டிவரும் என்று 2010இல் வெளியான கணிப்பு சொன்னது. ஒரு கணம் பலமாக வீசிவிட்டு அடங்கும் காற்றுகூட, அடங்கிய பிறகும் மணலை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது நேரடிச் சாட்சி. ஹைரைஸ் கமரா தரையில் 30 சென்றிமீற்றர் அளவிலான விவரத்தைக்கூடப் பிடிக்கும். ஒரே இடத்தை ஆண்டு இடைவெளியில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். நிலி பட்டேரா என்ற எரிமலை வாய்க்குள் குன்றுகள் நகர்ந்திருந்தன. 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி அங்கே ஓடும் மணலின் அளவு அந்தாட்டிக்காவின் விக்ரோரியாப் பள்ளத்தாக்கில் ஓடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். 2019இல் 54 மணற்குன்றுக் கூட்டங்களை அளந்தபோது சராசரி நகர்வு பூமியின் ஓராண்டுக்கு அரை மீற்றர் என்று வந்தது. பூமியின் சிறு பிறைக்குன்றுகள் ஆண்டுக்குப் பத்து, இருபது மீற்றர் ஓடுவதோடு ஒப்பிட்டால் இது ஊர்தல்தான். ஆனாலும் உயிரோடுதான் இருக்கின்றன.

இனிக் குழிக்கு வருவோம்.

கடல் இல்லாத கோளில் மணல் எங்கிருந்து வருகிறது? நம் கரையின் வெண்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லிலிருந்து அது வந்திருக்க முடியாது. ஆறும் கடலும் வேறெங்கோ அரைத்துக் கொண்டுவந்தது. செவ்வாயில் அந்தத் தூரப் போக்குவரத்து இல்லை. அங்குள்ள கருமணலில் ஒலிவின், பைரொக்சீன் போன்ற எரிமலைக் கனிமங்கள் அதிகம். விண்கல் மோதும்போது தரை கிழிந்து, புதைந்து கிடந்த எரிமலைச் சாம்பல் படைகளும் எரிமலைக் குழம்பு உறைந்த படைகளும் குழியின் சுவரில் வெளித்தெரியும். பல குழிகளில் சுவரின் நடுவே ஒரு கரும் படையும், அதிலிருந்து கீழே கசிந்ததுபோல் கருமணலும், தளத்தில் குன்றுகளும் ஒரே தொடராகத் தெரிகின்றன. அதாவது குழியே தன் மணலைச் சுரந்துகொள்கிறது. சுவரில் அந்தப் படை இல்லாத குழிக்கு வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. பக்கத்துக் குழி வெறுமையாகக் கிடப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வெளியிலிருந்து வரும் மணல் மாட்டிக்கொள்வது எளிது. விளிம்பைத் தாண்டிய காற்று திடீரென விரிந்து வேகம் இழக்க, சுமந்து வந்ததைக் கீழே போடும். மறுபடி வெளியேற வேண்டுமானால் நூற்றுக்கணக்கான மீற்றர் சுவரில் துள்ளி ஏற வேண்டும். ஆனாலும் பொறி முழுதும் அடைபட்டது என்று சொல்ல முடியாது. ஒப்பர்சூனிற்றி ஊர்தி 2006இல் எட்டிய விக்ரோரியாக் குழி ஒரு கிலோமீற்றர் அகலம்கூட இல்லாதது. நடுவில் அழகான சிறு குன்றுகள், வடக்கு விளிம்புக்கு வெளியே சமவெளியில் கருங்கோடுகள். குழிக்குள்ளிருந்த பசால்ட் மணலைக் காற்று வெளியே வீசி உண்டாக்கிய கோடுகள் அவை.

எனக்கு அதிகம் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. செவ்வாயில் பகல் இரவு வெப்பநிலை வேறுபாடு பயங்கரமானது. கேல் குழியில் கியூரியோசிற்றி ஊர்தி அளந்தபடி, நடுப்பகலில் பூச்சியத்தை ஒட்டி வரும் வெப்பநிலை விடியற்காலையில் மைனஸ் 70, 80 பாகை வரை விழும். வெப்பத்தைத் தாங்கி வைத்திருக்கக் கடலும் இல்லை, தடித்த காற்றும் இல்லை. பகலில் சூடேறிய குழிச் சுவரை ஒட்டிக் காற்று மேலே ஏறும். வெயில் சாய்ந்ததும் குளிர்ந்து கனத்த காற்று விளிம்பிலிருந்து தளத்தை நோக்கி வழியும். இரவில் தரைக்காற்றையும் பகலில் கடற்காற்றையும் வைத்துத் தொழிலுக்குப் போன நம் கடலோடிகளுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. குழியிலோ இது நாலாபக்கச் சுவர்களிலும் ஒரே வேளையில் நடக்கிறது. மாலையில் எல்லாச் சுவரிலிருந்தும் காற்று உள்நோக்கி இறங்கினால், விளிம்பை ஒட்டிய மணல் நடுப்பக்கம் தள்ளப்படும். எதிரெதிராக வந்த காற்றுகள் சந்திக்கும் இடத்தில் மணலுக்குப் போக்கிடம் இல்லை.

புரொக்டர் குழியை இந்தக் கண்ணோடு ஆராய்ந்தவர் லோரி ஃபென்ரன் என்ற கோள் ஆய்வாளர். 150 கிலோமீற்றருக்கு மேல் அகலமான அந்தக் குழியின் குன்றுகளின் முகடுகளையும் சரிவுகளையும் அளந்து, அவற்றைக் கணினியில் ஓட்டிய காற்றோடு பொருத்திப் பார்த்தார். குன்றுகளை உருவாக்கிய முக்கியக் காற்று மேற்கு-தென்மேற்கிலிருந்து இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வீசும் பெருங்காற்று, குழிக்கு வெளியே முழுப் பிரதேசத்துக்கும் உரியது. அதற்கு நேர் எதிரான இரண்டாவது காற்று கிழக்கு-வடகிழக்கிலிருந்து. அது வசந்தத்திலும் கோடையிலும் மாலை வேளைகளில் குழிச் சுவரில் வழிந்து இறங்குவது. ஒன்று ஊருக்குப் பொதுவான காற்று, மற்றது குழியே பெற்ற காற்று. கிட்டத்தட்ட நம் சோழகம், வாடை போன்ற அச்சில் இரண்டும் எதிர்த்து நிற்கின்றன. ஒரே திசைக் காற்று என்றால் குன்று ஓடிப்போய் எதிர்ச் சுவரில் முட்டியிருக்கும். எதிரெதிர்க் காற்று மாறிமாறி வீசும்போது, ஒரு பருவத்தில் சரிவாக இருந்த பக்கம் அடுத்த பருவத்தில் ஏற்றமாகும். குன்று முன்னே போவதைவிட மேலே போகும். மூன்றாவதாக இன்னொரு திசையும் சேர்ந்தால் பல கைகளை நீட்டிய நட்சத்திரக் குன்று. ரசல் குழியில் 500 மீற்றர் உயரம் வரும் ஒரு பெருங்குன்று நிற்கிறது. மணல் அந்த உயரத்துக்கு எழ ஒரே காற்று மட்டும் போதுமா என்று யோசிக்கலாம்.

இதனால்தான் கோள் ஆய்வாளர்கள் மணற்குன்றை வானிலை நிலையமாகப் பயன்படுத்துகிறார்கள். செவ்வாய் முழுவதிலும் காற்றை அளந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. குன்றுகளோ எங்கும் உண்டு. கணினியில் ஓட்டும் காற்று மாதிரியொன்று சொல்வது சரியா என்று பார்க்க, அந்தக் குழியின் குன்று எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் குழிக்காற்றைக் கவனிக்காமல் பிரதேசக் காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், குன்றும் மாதிரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிழை மாதிரியில் என்று நினைத்து அதைத் திருத்தப் போவது வீண் வேலை.

ஈர மணலைப் பற்றி மேலே சொன்னேன். செவ்வாயில் அந்த வேலையைச் செய்வது உறைபனி. உயர் அகலக்கோடுகளில் குளிர்காலத்தில் காபனீரொட்சைட்டே உறைந்து குன்றுகளை மூடிவிடும். அப்போது எவ்வளவு பலமான காற்று அடித்தாலும் மணல் அசையாது. தெற்கே 60 பாகைக்கு அப்பால் உள்ள குன்றுகள் பல மழுங்கிப்போய் உறங்குவது போலிருப்பதற்கும் நிலத்தடிப் பனிக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து உண்டு. வசந்தத்தில் இன்னொரு வேடிக்கை. ரசல் குழிக் குன்றின் சரிவில் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளமான நேர்வாய்க்கால்கள் இருக்கின்றன. தண்ணீர் ஓடிய தடம் என்று ஆரம்பத்தில் பலர் ஆசைப்பட்டார்கள். வாய்க்கால் முடியும் இடத்தில் வண்டல் குவியல் இல்லை, குழி மட்டும்தான். உறைந்த காபனீரொட்சைட்டுக் கட்டிகள் உச்சியிலிருந்து உடைந்து, அடியில் ஆவியாகும் வாயுவின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கி, நின்ற இடத்தில் ஆவியாகிப் போகின்றன என்பது இப்போதைய விளக்கம். அமெரிக்காவில் உலர்பனிக் கட்டிகளை மணற்குன்றில் உருட்டிவிட்டுச் சோதித்தும் பார்த்தார்கள்.

கடைசியாகக் கேல் குழி. அதன் ஒரு விளிம்பை யாழ்ப்பாணத்தில் வைத்தால் மறு விளிம்பு அநுராதபுரத்தில் விழும், அவ்வளவு அகலம். நடுவில் ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் ஷார்ப் மலை. மலைச் சரிவும் குழிச் சுவரும் ஆளுக்கொரு காற்றை அனுப்ப, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய தளத்தில், மலையின் வடமேற்கு அடிவாரத்தை ஒட்டி மணல் ஓடுகிறது. அந்தக் குன்றுகளுக்குத்தான் பக்னோல்டின் பெயர். 2015 இறுதியில் கியூரியோசிற்றி அங்கே போனது. வேறொரு கோளில் நகர்ந்துகொண்டிருக்கும் மணற்குன்றை மனிதர் அனுப்பிய கருவி பக்கத்தில் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. 2016 தொடக்கத்தில் நமிப் என்று பெயரிட்ட குன்றில் மணலை அள்ளிச் சலித்தும் பார்த்தது. மணலில் கால் வைப்பதில் நாசாவுக்கு முன்னனுபவம் கசப்பானது. 2009இல் ஸ்பிரிற் ஊர்தி இளகிய மணலில் புதைந்து பிறகு மீளவேயில்லை. அதனால் இம்முறை சக்கரம் விளிம்போடு நின்றது.

பெரிய குன்றுகளின் முதுகில் மூன்று மீற்றர் இடைவெளியில் அலைவரிகள், அவற்றின்மேல் நம் கடற்கரையில் உள்ளதுபோன்ற சிறு வரிகள் என இரண்டு அளவில் வரிகள் இருப்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. பூமியின் பாலைவனக் குன்றுகளில், குன்றுக்கும் சிறு வரிக்கும் இடைப்பட்ட இந்த நடுத்தர வரி இல்லை. ஐதான காற்றில் அது எப்படி உருவாகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமனம் வரவில்லை.

அந்தக் குன்றுகளிலிருந்து சற்றுத் தள்ளி, மலையடிவாரத்தில் ஸ்ரிம்சன் என்று பெயரிட்ட மணற்கல் படை இருக்கிறது. அதுவும் மணற்குன்றுதான், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாக இறுகியது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் அதன் படைகள், பழைய குன்றுகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்பதைச் சொல்லும். அவை போனது வடகிழக்கை நோக்கி. இன்று பக்னோல்ட் குன்றுகளின் மணல் போவது தென்மேற்கை நோக்கி. குழி அதே குழிதான். ஆனால் அதை ஒரு காலத்தில் நிரப்பியிருந்த பெருமளவு படிவுகளைக் காற்று அரித்து அகற்றிவிட்டது, எஞ்சியதுதான் இன்றைய ஷார்ப் மலை. அந்த அரிப்பில் சரிவுகள் மாறியிருக்கும், சரிவுகள் மாறினால் அவற்றிலிருந்து இறங்கும் காற்றும் மாறியிருக்கும். திசைமாற்றத்துக்கு அது மட்டும் போதுமா, கோளின் சுழலச்சின் சாய்வும் காலநிலையும் மாறியதும் சேர்ந்ததா என்பதைத்தான் இப்போது கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.